தாகம் கண்ட அடுக்கு

செடி வளர்ப்பறையின் சாவி பெரியக்காவின் கழுத்தில் கறுப்பு நாடாவில் தொங்கும். இன்னொரு சாவி செய்து வைத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் தலைவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. அவனே உள்ளே வர வேண்டுமென்றாலும் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றி, அவள் கொடுக்கும் நீலத் துணி உறையைக் காலில் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

“மாமியார் வீட்டுல கூட எனக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாதுக்கா” என்பான்.

“அங்க நீ மாப்பிள்ளை. இங்க நீ அழுக்குக் கால்” என்பாள்.

அறுபதை நெருங்கும் வயதிலும் அவள் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. தம்பி ‘அக்கா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, மற்றவர்கள் மரியாதைக்கு முன்னால் ஒரு ‘பெரிய’ சேர்த்துக்கொண்டார்கள். கூட்டுகிறவரிலிருந்து கணக்கர் வரை எல்லோருக்கும் அவள் பெரியக்காதான்.

அவர்களுடைய அப்பா விதைச் சான்று அதிகாரியாக இருந்தவர். முளைக்காத விதைக்குக் கையெழுத்துப் போட மறுத்து மறுத்தே ஊர் ஊராகத் தூக்கியடிக்கப்பட்டார். பாத்திரங்களை மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே அம்மாவின் வயது போனது. அப்படியிருந்தும் அந்த வீட்டில் ஒருவரும் அதைக் குறையாகப் பேசியதில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லிவிட்டு வந்தால் அப்பா அடிக்க மாட்டார். “இந்த வீட்டுப் பேரை வெளியில கழற்றி வச்சுட்டு உள்ள வா” என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அடியே தேவலாம் என்றிருக்கும்.

வளர்ப்பறையில் சக்கரம் வைத்த இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்றில் தம்பி பல வருடங்களாகப் பாடுபட்டு உருவாக்கிய புது ரக மக்காச்சோளக் கன்றுகள்; ரகத்தை அங்கே வரிசை என்பார்கள். வேர் காய ஆரம்பித்ததுமே இலையின் நுண்துளைகள் சட்டென்று மூடிக்கொள்ளும்படி அதன் ஒரு மரபணுவை மாற்றியிருந்தான். மற்ற அடுக்கில் அதே சோளத்தின் பழைய வரிசை, எதுவும் மாற்றப்படாதது. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே விளக்கு, ஒரே தண்ணீர். வளர்ந்த பிறகு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீரை நிறுத்த வேண்டும். எது நிற்கிறது, எது சாய்கிறது என்று பார்க்க வேண்டும். மழையை மட்டும் நம்பி விதைக்கிறவர்களுக்கு அடுத்த பருவத்தில் போக வேண்டிய விதை அது.

பனிக்கட்டி என்று ஒருவன் அங்கே வேலை பார்த்தான். எந்நேரமும் உறைபெட்டியின் அருகிலேயே கிடப்பதால் வந்த பெயர். இலைத் துணுக்குகளை அரைத்து, அவற்றின் செல்களுக்குள் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று அளப்பது அவன் வேலை. முப்பத்தைந்து வயது, பெண்டாட்டி, கைக்குழந்தை, ஓயாத வாய்.

சோதனை தொடங்கும் முன் அவன் ஒரு யோசனை சொன்னான். “பெரியக்கா, ரெண்டு வரிசையையும் தனித்தனி அடுக்குல வைக்காம, குலுக்கிப் போட்டுக் கலந்து வச்சுடலாமா? ஒரு அடுக்குக்கு ஏதாவது ஆனாலும் ரெண்டுக்கும் சமமா ஆகும்.”

“என் அறையில ஒரு அடுக்குக்கு என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. ஒரு பேச்சுக்கு...”

“பேச்சுக்கெல்லாம் தொட்டியை இடம் மாத்த முடியாது. கலந்து வச்சா நாளைக்கு எது எதுன்னு தேடணும். சீட்டுக் குலுக்கறதை உன் வீட்டுல வச்சுக்க.”

“வீட்டுல குலுக்கத்தான் பெரியக்கா ஆள் இருக்கு. ராத்திரி முழுக்க நான்தான் தொட்டிலைக் குலுக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஒவ்வொரு அடுக்குக்கும் தானாகத் தண்ணீர் விடும் தனித்தனிக் குழாயும் வடிகட்டியும் உண்டு. புது வரிசை அடுக்கின் வடிகட்டியில் உப்புப் படிந்திருந்தது. அவள் அந்தக் குழாயை மூடி, வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. தம்பியின் மனைவி.

“அண்ணி, இவருக்கு இடுப்புக்குக் கீழ வலி, தரையில புரளறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நீங்க வந்துடுங்க.”

வடிகட்டியைத் திருகி முடித்தாள். விளக்குகளைப் பார்த்தாள். கதவைப் பூட்டினாள். குழாயைத் திறக்கவில்லை.

சிறுநீரகத்தில் கல். சனியும் ஞாயிறும் தம்பியின் கட்டிலருகே அவள் உட்கார்ந்திருந்தாள். மற்ற வாரங்களில் ஞாயிறு காலை வளர்ப்பறைக்கு ஒரு நடை போய்வருவாள். அந்த ஞாயிறு அவன் கையை விட்டு எழுந்திருக்கவில்லை. “அண்ணி வந்தாத்தான் இவர் வலியைப் பொறுத்துக்கறார். என் முன்னால கத்தறதுக்கு மட்டும் கூச்சமே கிடையாது” என்று தம்பியின் மனைவி சொல்ல, மருந்து மயக்கத்திலும் அவன் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தாள். பழைய வரிசை பச்சைப்பசேல் என்று நின்றது. புது வரிசையின் இலைகள் குழலாகச் சுருண்டு, சாம்பல் பூத்து, தொட்டி விளிம்பில் தொங்கின. மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் பழைய வரிசையின் மண்ணில் செருகப்பட்டிருந்தது. ஒரே தண்ணீருக்கு இரண்டு கருவி எதற்கு என்று அதைத் தீர்மானித்தவளும் அவள்தான்.

குழாயைத் திறந்தாள். மண் உறிஞ்சும் ஓசை மெல்லக் கேட்டது. அப்போதே தம்பியின் எண்ணை அழுத்தியிருக்கலாம். சோதனையை முதலிலிருந்து தொடங்கியிருப்பார்கள். சில வாரங்கள் வீண், அவ்வளவுதான். ஆனால் நேற்றுத்தான் வலி தணிந்து தூங்கியிருக்கிறான். உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடியில் இருந்த காரணம் வேறு. பெரியக்காவின் அறையில் தண்ணீர் நின்றது என்ற வாக்கியத்தை அந்தக் கட்டடத்தில் எவர் வாயிலும் கேட்க அவளுக்கு மனமில்லை.

மாலைக்குள் இலைகள் விரிந்துவிட்டன. நுனியில் மட்டும் சிலவற்றுக்குக் காய்ந்த கோடு. அதைக் கத்தரியால் நறுக்கினாள். அந்த நறுக்கல்தான் பின்னாளில் அவள் தூக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தது.

வெளுத்த முகத்தோடு தம்பி அன்று மாலையே வந்தான். காலில் உறையை மாட்டிக்கொண்டு இரண்டு அடுக்கையும் சுற்றிப் பார்த்தான்.

“எல்லாம் நல்லா இருக்கில்லக்கா?”

“ம்” என்றாள்.

அவள் சொன்ன பொய் அவ்வளவுதான். ஓர் எழுத்து.

வெளியே பார்த்தால் அந்தக் கன்றுகளுக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே அப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? தண்ணீர் வற்றும்போது செடியில் ஒரு ரசாயனத் தூது கிளம்புகிறது. இலைத்துளையின் இருபுறமும் காவல் நிற்கும் செல்கள் அதைக் கேட்டுத் தளர்ந்து துளையை மூடுகின்றன. செல்கள் சர்க்கரையையும் புரோலின் என்ற சத்தையும் தங்களுக்குள் சேர்த்து, இருக்கிற ஈரம் வெளியே ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. புரதங்கள் சிதையாமல் அணைத்துப் பிடிக்க வேறு சில புரதங்கள் புதிதாகப் பிறக்கின்றன. தண்ணீர் திரும்பியதும் அநேகமாக இவையெல்லாம் கலைந்துவிடும். ஒன்று மட்டும் உடனே கலையாது. மரபணு இழை சின்னச் சின்னப் புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கும். தாகத்தின்போது தேவைப்பட்ட இடங்களில் அந்தச் சுற்று தளர்ந்து, நுண்ணிய ரசாயன அடையாளங்கள் ஒட்டிக்கொள்ளும். தாகம் தீர்ந்தும் அவை சில காலம் அங்கேயே இருக்கும். அடுத்த முறை மண் காய்ந்தால் அந்தச் செடி யோசித்துக்கொண்டிருக்காது. முதல் முறையைவிட வேகமாகத் தற்காத்துக்கொள்ளும்.

இதெல்லாம் அவளுக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்தே வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் போல் கழித்து இரண்டு அடுக்குக்கும் முறைப்படி தண்ணீர் நிறுத்தப்பட்டது. பழைய வரிசை சாய்ந்தது. புது வரிசை நின்றது. தண்ணீர் விட்டதும் பழையது எழவில்லை. புதியது ஒன்றுமே நடக்காததுபோல் குருத்து விட்டது.

தம்பி அறைக்குள் காலுறையை மாட்ட மறந்து ஓடிவந்தான். அன்று ஒரு நாள் அவள் அதைக் கண்டிக்கவில்லை. அவன் தொட்டிகளுக்கு நடுவே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, இதுக்கு அப்பா பேரை வைக்கப் போறேன்.”

“இன்னொரு தடவை போட்டுப் பார்த்துட்டு வைக்கலாமே” என்று மட்டும் அவள் சொன்னாள்.

“வேற யாரு அறையில நடந்திருந்தாலும் பத்துத் தடவை போட்டுப் பார்ப்பேன். உன் அறையில நடந்ததையா சந்தேகப்படறது? விதைப்புக்கு நாளும் இல்ல. விதை வாரியம் கேட்டுக்கிட்டே இருக்கு.”

அன்று இரவுச் சாப்பாடு தம்பி வீட்டில். அவன் மனைவி தட்டில் மேலும் மேலும் வைத்துக்கொண்டே இருந்தாள். “மாமனாரைப் பார்க்கக் கொடுத்து வைக்கல. அவர் பேரு மண்ணுல முளைக்கறதையாவது பார்க்கப் போறேன். என்ன அண்ணி, நான் பேசப் பேச சோத்தை எண்ணிக்கிட்டு இருக்கீங்க?”

“வயிறு சரியில்ல.”

“இவருக்குக் கல்லு. உங்களுக்கு என்ன, பாறையா?”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். அப்பாவின் படம் எதிர்ச்சுவரில்தான் இருந்தது. அவள் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

பனிக்கட்டி தன் அளவுகளோடு வந்தபோது தம்பியின் அறையில் பெரியக்காவும் இருந்தாள். தண்ணீர் நிறுத்துவதற்கு முந்தின நாள் இரண்டு வரிசையிலும் மூன்றாவது இலையிலிருந்து அவன் துணுக்கு எடுத்து உறைபெட்டியில் வைத்திருந்தான். அதைத்தான் அளந்திருந்தான்.

“சார், ஒரு விஷயம் இடிக்குது. தண்ணி நிறுத்தறதுக்கு முன்னாடியே புது வரிசையில தாகத்துக்கான மரபணுக்கள்கிட்ட சுற்று தளர்ந்திருக்கு. அடையாளம் எல்லாம் பளிச்சுனு இருக்கு. நீங்க மாத்தின மரபணுவுக்கும் இந்த இடங்களுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அதனால?”

“ஏற்கெனவே ஒரு தடவை தாகம் பட்டு எழுந்த செடி மாதிரி இருக்கு.”

தம்பி சாய்ந்து உட்கார்ந்தான். “அக்கா அறையிலயா?” அவள் பக்கம் திரும்பினான். “ஏன்க்கா, நடுவுல எப்பவாவது தண்ணி நின்னுச்சா?”

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பனிக்கட்டியும் அவளைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. அவள் ஏதாவது விளக்கம் சொல்வாள், குழப்பம் தீரும் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

“என் அறையிலயா?” என்றாள்.

கேள்விக்குக் கேள்வி. அதில் பொய் இல்லை என்று அந்தக் கணத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். தம்பிக்கு அது போதுமாக இருந்தது. அவன் முகம் பனிக்கட்டியிடம் திரும்பியபோது வேறாகிவிட்டிருந்தது.

“அப்போ நீ தப்பு. தண்ணி நிறுத்தின பிறகு எடுத்த இலையை, முந்தின நாள் எடுத்ததுன்னு எழுதி வச்சிருக்க.”

“இல்ல சார். நான் எடுத்தப்ப பெரியக்காதான் கதவைத் திறந்துவிட்டாங்க.”

“திறந்துவிட்டாங்க. நீ எந்தக் குப்பியில எதைப் போட்டேன்னு அவங்க பார்த்துக்கிட்டா இருந்தாங்க? ராத்திரி தூக்கமில்ல, குழந்தை அழுவுதுன்னு நீயேதானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?”

பனிக்கட்டி வாயைத் திறந்தான், மூடினான். ஓயாத அந்த வாய் அப்படி மூடியதை அவள் அன்றுதான் பார்த்தாள். அந்த வாரமே அவனை அந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்கட்டில் விதைகளைச் சலித்து உறையிலிடும் வேலை. கட்டுரையில் அவன் பெயர் இருக்காது என்றும் சொல்லியாயிற்று. உணவு நேரத்தில் அவன் மேசைக்கு இரண்டு மேசை தள்ளித்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். இலையை மாற்றி வைத்தவன் என்ற பேச்சு சுவருக்குச் சுவர் ஏறிப் போயிருந்தது.

ஒருநாள் நடையில் எதிர்ப்பட்டான்.

“நல்லா இருக்கியா?” என்று கேட்டாள்.

“இருக்கேன் பெரியக்கா.” சற்று நின்றான். “நானும் யோசிச்சுப் பார்க்கறேன். ஒருவேளை நான்தான் மாத்தி வச்சுட்டேனோ என்னவோ. தூக்கக் கலக்கத்துல என்ன பண்றோம்னு நமக்கே தெரியறதில்லையே.”

சரியாகச் செய்தவன் தன் கையையே சந்தேகிக்கிறான். கழுத்தில் தொங்கும் சாவி அவளுக்கு அன்று முதல் கனத்தது.

ஆனாலும் நேரே போய்ச் சொல்லிவிட அவளுக்கு வரவில்லை. ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. தாகம் படாமலேயே புது வரிசை நின்றுவிட்டால்? தம்பியின் மரபணு உண்மையிலேயே வேலை செய்தால்? அப்போது நடந்தது வெறும் ஒரு மறதியாக முடிந்துபோகும். அப்பாவின் பெயருக்கும் களங்கம் வராது. நிலையத்தின் பின்பக்கம் பயன்படுத்தாமல் கிடந்த சிறிய வளர்ப்பறையைத் துடைத்துத் திறந்தாள். கேட்டவர்களிடம் விளக்குகளைச் சோதிக்கிறேன் என்றாள். புது வரிசையில் ஒரு தட்டு, பழைய வரிசையில் இரண்டு தட்டு விதைத்தாள். தினமும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினாள். பழைய வரிசையின் ஒரு தட்டுக்கு மட்டும் நடுவில், அந்த வார இறுதியில் நடந்ததுபோலவே, தண்ணீரை நிறுத்தி இலை சுருளும்வரை விட்டு, பிறகு ஊற்றினாள். வேண்டுமென்றே வாடவிட்ட கன்றுகளின் முன்னால் நிற்பது கடினமாக இருந்தது. நின்றாள்.

பிறகு மூன்று தட்டுக்கும் ஒன்றாகத் தண்ணீரை நிறுத்தினாள்.

புது வரிசை, ஒருநாளும் தாகம் அறியாதது, பழைய வரிசையோடு சேர்ந்தே சாய்ந்தது. ஒரு பொழுது பிந்தியா முந்தியா என்று அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். வித்தியாசம் இல்லை. மூன்றாவது தட்டு, எந்த மரபணுவும் மாற்றப்படாத சாதாரணச் சோளம், ஒருமுறை தாகம் கண்டது. அது நின்றது.

விதை வாரியத்தின் கூட்டம் மறுநாள். அவள் மூன்று தட்டுகளையும் தள்ளுவண்டியில் வைத்துத் தம்பியின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் கூட்டத்துக்கான படங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் படத்திலேயே பெரிய எழுத்தில் அப்பாவின் பெயர்.

“என்னக்கா இது?”

“பார்.”

“செத்துப்போன செடி.”

“இது உன் புது வரிசை. பக்கத்துல பழைய வரிசை. ரெண்டும் ஒருநாள் கூடத் தண்ணி குறையாம வளர்ந்தது. ஒண்ணா நிறுத்தினேன். ஒண்ணா போச்சு.”

தம்பி எழுந்து வந்தான். காய்ந்த இலை ஒன்றைத் தொட்டான். அது நொறுங்கியது. “நிக்குதே, இது?”

“அதுவும் பழைய வரிசைதான். நடுவுல ஒரு தடவை காயவிட்டு எழுப்பினேன்.”

அவன் படித்தவன். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்டான்.

“எதுக்காக இப்படிப் போட்டுப் பார்த்த?”

“என் அறையில நடந்துச்சு. புது வரிசைக் குழாயை மூடினவ திறக்கல. திங்கட்கிழமை வந்து பார்த்தேன், சுருண்டு கிடந்துச்சு. தண்ணி விட்டேன். காய்ஞ்ச நுனியை நறுக்கினேன்.”

“எந்தத் திங்கட்கிழமை?”

“உனக்குக் கல்லு வலி வந்ததே, அதுக்கு அடுத்த திங்கட்கிழமை.”

தம்பி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். “என் பக்கத்துல உட்கார்ந்திருந்த.”

“அதைச் சொல்லித் தப்பிக்க வரல. மறந்தது கூடப் போகட்டும். சாயங்காலம் வந்து நல்லா இருக்கான்னு கேட்ட. ‘ம்’னேன். அப்புறம் அந்தப் பையன் முன்னால வச்சுக் கேட்ட. அப்பவும் சொல்லல.”

“அவனை நான் என்னென்ன பேசினேன் தெரியுமா?”

“தெரியும். பக்கத்துல இருந்து பேச விட்டவ நான்தானே.”

திரையில் அப்பாவின் பெயர் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. தம்பி கையை நீட்டி அதை அணைத்தான்.

“பல வருஷ வேலைக்கா” என்றான். குரல் சின்னப் பையனுடையதுபோல் இருந்தது.

அவனை வளர்த்தவள் அவள். அவன் பரீட்சைக்குப் படிக்கும்போது விடிய விடிய விசிறியவள். அந்தக் கையாலேயே இதையும் செய்திருந்தாள்.

கடைசியில் அவன் நிமிர்ந்தான். “நாளைக்குக் கூட்டத்துல நிறுத்திடலாம். நீர்க்குழாய்க் கோளாறுன்னு சொல்லிடறேன். உன் பேரு எங்கயும் வர வேண்டாம். நம்ம வீட்டுப் பேரு...”

“சரி” என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது. தலையை மட்டும் அசைத்தாள். அது ஆமா என்றா இல்லை என்றா என்று அவனும் கேட்கவில்லை.

மறுநாள் நீண்ட மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் இருந்தார்கள். வாரியத்தின் தலைவி கண்டிப்பான பெண்மணி. பின்வரிசையில் நிலையத்தின் ஆட்களும் இருந்தார்கள். பனிக்கட்டி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். தம்பி எழுந்து, முடிவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். சலசலப்பு எழுந்தது.

“காரணம்?” என்றார் தலைவி.

“நீர்க்குழாயில் ஏற்பட்ட ஒரு கோளாறு.”

“குழாய் பழுதா?”

தம்பி ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கத்துக்குள் பெரியக்கா எழுந்து நின்றுவிட்டாள். முதுகு எப்போதும்போல நேராகத்தான் இருந்தது.

“குழாய் நல்லாத்தான் இருந்துச்சு. மூடினது நான். திறக்க மறந்தது நான். செடி வாடினதைப் பார்த்து மறைச்சதும் நான். அளவு எடுத்தவர் இதைச் சரியாக் கண்டுபிடிச்சுச் சொன்னார். அவர்தான் இலையை மாத்தி வச்சுட்டார்னு எல்லாரும் முடிவு பண்ணப்போ, நான் வாயைத் திறக்கல. அவர் கையில தப்பே இல்ல.”

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உட்காருங்கம்மா” என்றார். அந்த ‘அம்மா’வில் இரக்கம் இருந்தது. திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

கூட்டம் கலைந்ததும் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றித் தம்பியின் மேசைமேல் வைத்தாள். அவன் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. சில நாள் அங்கேயே கிடந்தது. பிறகு அவன் வேறு சாவிகள் செய்ய ஆள் அனுப்பினான். தம்பியின் மனைவி மட்டும் வீட்டுக்கு வந்து, “அண்ணி, உங்க தம்பி சாப்பிடாம இருக்கார். வந்து அதட்டுங்க. நான் அதட்டினா பழகிப்போச்சு, காதுலயே ஏறமாட்டேங்குது” என்றாள். பெரியக்கா போனாள். அவன் சாப்பிட்டான். முன்போலவே பேசினான். கல்லைப் பற்றிக் கேலி கூடச் செய்தான். ஆனால் வளர்ப்பறையில் ஏதாவது கேட்டு அவள் ‘ம்’ என்று சொன்னால், ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போனான்.

பனிக்கட்டியைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். தாகம் கண்ட செடி அதை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறது என்பதே இப்போது அவனுடைய ஆராய்ச்சி. அடுக்குகளில் இப்போது எல்லா வரிசையும் குலுக்கிப் போட்டுக் கலந்து நின்றன. பெரியக்கா அவனுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளாகத் தானே போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாள் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தது பாதியில் மறந்துபோனது. “என்னை மன்னிச்சுடுப்பா” என்று மட்டும் வந்தது.

“ஐயோ, விடுங்க பெரியக்கா. அதெல்லாம் முடிஞ்சு போச்சு” என்றான். சிரிக்கவும் செய்தான்.

அவன் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டான். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான்.

ஒரு காலைப்பொழுது அவன் இலைத் துணுக்குகளை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் குப்பிகளை வாங்கிப் பனிப்பெட்டியில் அடுக்க வேண்டும். முன்பெல்லாம் பேசிக்கொண்டே பார்க்காமல் கையை நீட்டுவான், அவள் வாங்கிக்கொள்வாள்.

“இந்தச் செடிக்கு அந்த நினைவு எப்போ போகும்?” என்று கேட்டாள்.

“நல்லா தண்ணி கிடைச்சா கொஞ்சம் கொஞ்சமா அழியுது. சிலதுல அழியறதே இல்ல. விதை வரைக்கும் போகுதான்னு பார்க்கணும். இன்னும் தெரியல பெரியக்கா.”

குப்பியின் மூடியை அழுத்தினான். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, குப்பியின் மேல் எழுதியிருந்ததை ஒரு படம் பிடித்தான். செடியோடு சேர்த்து இன்னொரு படம். படத்தைப் பெரிதாக்கிச் சரிபார்த்தான். அதன்பிறகுதான் குப்பியை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிப் பனிக்குள் வைத்தாள். அடுத்த குப்பிக்காகக் கையை நீட்டியபடி, அவன் படம் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.